வட்டம் முழுதாக

புளியரை சோதனைச் சாவடியில் எனக்கு ராத்திரி ஷிஃப்ட்.
கேரளத்தில் கோழி இறக்கிவிட்டு
வெறுங்கூண்டோடு திரும்பும் லாரிகளை மறித்து
சக்கரத்துக்கு மருந்தடிப்பான் இசக்கிராஜ்.
தாளில் நான் குத்துவேன்: பார்வையிடப்பட்டது.
ஊதா மை. கோணலாக விழுந்தாலும் யாரும் கேட்பதில்லை.

வீட்டில் சட்டம் வேறு.
இடுக்கி தொடலாம், விரல் தொடக்கூடாது.
ஒரு பல் முறிந்திருந்தாலும் ஆல்பத்தில் இடமில்லை.
உலக பாரம்பரியச் சின்னங்கள் மட்டும்தான் சேர்க்கிறேன்,
அதுவும் உறையோடு,
அந்தந்த ஊர் முத்திரை
அந்தந்த ஊர்த் தலைமேல் விழுந்ததாக.
பெட்ரா என்றால் வாடி மூஸா.
அங்கோர் என்றால் சியெம் ரீப்.
மச்சு பிச்சுவுக்கு மூன்று முறை எழுதிவிட்டேன்,
அந்தப் போஸ்ட்மாஸ்டர் மலையை விட்டு இறங்குவதாயில்லை.

எனக்கு வரவேண்டிய உறை ஒன்று
புலிவெந்துலா போய்விட்டது.
ஆங்கிலத்தில் முதல் நாலு எழுத்து ஒன்றுதானே.
தெலுங்கில் யாரோ சிவப்பு மையில் வைது
(வைதது போலத்தான் இருந்தது)
நாற்பதாம் நாள் திருப்பி அனுப்பினார்கள்.
உள்ளிருந்த கோட்டையை விட
எனக்கு அந்தச் சிவப்புச் சுழிப்புதான் பிடித்தது.

பல்மைரா தலையில் தூண்கள் நிற்கின்றன.
பின்னால் கோயில்.
கோயிலை வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள் என்றேன்.
"அப்போ இதுக்கு வெலை ஏறியிருக்குமே?"
என்றான் இசக்கிராஜ்.
இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.
மூன்றாம் நாள் கேட்லாக்கைப் புரட்டிப் பார்த்தேன்.

நார்வேயில் ரோரோஸ் என்று ஒரு செம்புச் சுரங்க ஊர்.
அங்கிருந்து ஓட்வார் எழுதியிருந்தார்:
கோமதி அவர்களுக்கு, உங்கள் மேற்குத் தொடர்ச்சி மலை
பட்டியலில் இருக்கிறது, என் ஆல்பத்தில் இல்லை.
மலைக்குள்ளிருந்து ஒரு முத்திரை வேண்டும்.
வட்டம் முழுதாக. தேதி தெளிவாக.

கடிதத்திலிருந்து தலையைத் தூக்கினேன்.
ஜன்னலில் நின்றது.
என் ஆல்பத்திலும் இல்லை.

விடுமுறை நாளில் ஆனவண்டி ஏறித் தென்மலை போனேன்.
மலை போட்ட தலை என்னிடம் கிடையாது,
பழைய இருவாச்சி ஒன்றை ஒட்டி
மிச்சத் தொகைக்குக் கண்டதையும் ஒட்டினேன்.
ஆறு உறை. அடை மழை.
லைசம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேட்டார்,
"ஈ காடோ? இதினு எந்தா இத்ர?"
சொல்லத் தெரியவில்லை.
செங்குறிஞ்சி என்றேன். சிங்கவால் குரங்கு என்றேன்.
"குரங்கு எங்கள் கூரைமேல் உண்டு" என்றார்,
அது சாதாக் குரங்குதான்.
ஆனாலும் பழைய செய்தித்தாளில் இரண்டு முறை குத்திப் பழகி
மூச்சைப் பிடித்துக்கொண்டு குத்தினார்.
நான்கில் பாதி வட்டம்.
ஒன்றில் கூரை சொட்டி
தேதி ஓடிப்போய்ப் பறவையின் அலகில் ஏறிக்கொண்டது.
ஒன்றே ஒன்று முழு நிலா.

முழு நிலாவை நார்வேக்கு அனுப்பினேன்.
சொட்டு விழுந்ததில் என் விலாசம் எழுதிப் போட்டேன்.

பன்னிரண்டு நாளில் ஓட்வாருக்குக் கிடைத்துவிட்டது.
எனக்கு இருபத்தைந்து கிலோமீட்டர்தான் இருக்கும்,
கோழி லாரி முக்கால் மணியில் வந்துவிடும்.
என் உறைக்குப் பத்தொன்பது நாள்,
எந்தெந்த ஊர் பார்த்து வந்ததோ.

இன்னும் எந்தப் பக்கத்தில் வைப்பதென்று தெரியவில்லை.
ஹம்பியின் பக்கத்திலா? ஹம்பிக்கு நான் போனதில்லை.
கொனாரக் போனதில்லை.
போய்வந்த ஒரே இடம் இதுதான்,
முத்திரையோ வாசிக்க ஆகாது.

நேற்று ராத்திரி ஒன்றரை மணிக்கு ஒரு லாரி.
நாலு சக்கரத்திலும் அங்கிருந்த சிவப்புச் சேறு, ஒரு இலை.
இசக்கிராஜ் குழாயைத் திருப்பினான்.
"இரு" என்றேன்.
"என்னக்கா?"
ஒன்றுமில்லை, அடி என்றேன்.
சேறு கரைந்து எங்கள் ஓடையில் இறங்கியது.
நான் குத்தினேன், இந்த முறை கொஞ்சம் நிதானமாக.
டிரைவர் அதைப் பார்க்காமலே மடித்துப் பையில் வைத்தார்.