ஐம்பத்தொன்பது புள்ளி ஆறு

மஸ்கெலியா பஸ் நிலையத்துக்கு எதிரே
மருந்துக்கடையை ஒட்டிய படியேறினால்
மூன்றடிக் கண்ணாடிப் பெட்டி.
அதற்குப் பின்னால் சார்ஜர், கவர், நான்.

பத்தாந்திகதி, சம்பள நாள்.
காலையில் வந்துபோன சந்தனமேரி அக்கா
பின்னேரம் மறுபடியும் வந்தார்.
வாங்கிய மெமரி கார்டை
பிடுங்கிய பல்லைப் போல மேசையில் வைத்தார்.

“அறுபத்துநாலு ஜீபின்னு எழுதியிருக்கு.
மகன்ட கம்பியூட்டர்ல போட்டா
அம்பத்தொம்பது புள்ளி ஆறு.
மிச்சம் நாலு எங்க தம்பி?”

வாரத்துக்கு இரண்டு முறை
நான் சொல்லும் பதில் இது:
கார்ட் செய்பவன் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறான்.
கம்பியூட்டருக்கு இரட்டிக்க மட்டுமே தெரியும்.
ஒன்று, இரண்டு, நாலு, எட்டு,
பத்துத் தரம் இரட்டித்தால் ஆயிரத்து இருபத்துநாலு.
அதுதான் அதற்கு ஒரு கட்டு.
ஆயிரத்தைக் கொடுத்தால்
கட்டு நிறையவில்லை என்கிறது.
கிலோவில் பார்த்தால் நூற்றுக்கு இரண்டு, கண்ணுக்குத் தெரியாது.
மெகாவில் நாலரை. கிகாவில் ஏழைத் தொடும்.
மேலே ஏற ஏறப் பள்ளம் பெரிசு.
ஒன்றும் தொலையவில்லை அக்கா,
கட்டுத்தான் வேறு.

அவர் சிரிக்கவில்லை.

“கணக்கப்பிள்ளையும் இதத்தான் சொல்றாரு,
ஒண்ணும் தொலையலன்னு.
சாக்குக்கு ஒண்ணு, தண்ணிக்கு ஒண்ணு.
மாசி வெயில்லயும் தண்ணிக்கு ஒண்ணு!
இருபது எடுத்தா பதினெட்டு விழும்.
அதுலயும் கொஞ்சம் கொறஞ்சா அரைப் பேரு.”

என் இயந்திரத்தில் அரைப் பேர் கிடையாது.
உண்டு, இல்லை. அவ்வளவுதான்.
இதைச் சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டேன்.

கார்டை என் கம்பியூட்டரில் செருகி
ப்ரொபர்டீஸ் திறந்து
அடியில் கிடக்கும் நீள எண்ணைக் காட்டினேன்.
கொழுந்துக் கறை ஏறிய நகத்தால்
திரையில் சைபர்களைத் தொட்டுத் தொட்டுப் போனார்.

“இது ஒவ்வொண்ணா எண்ணினதா?”

“ஒவ்வொரு பைட்டாக.”

“கட்டே இல்லாம?”

“கட்டே இல்லாமல்.”

கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.
கீழே நோர்வூட் பஸ் ஹோர்ன் அடித்தது.

“அப்ப அங்க கழிச்ச ரெண்டு கிலோ
மலையிலயா நின்னுடுது?
லொறியிலதானே ஏறுது.
ஃபெக்டரியில இன்னொரு தராசு இருக்கே,
அதுல எத்தன விழுதுன்னு
எங்களுக்கு ஒரு துண்டு வருமா?”

இதற்கு என்னிடம் பதில் இல்லை.

“சரி, இதுல எத்தன படம் கொள்ளும்?”

என்ன படம் என்றேன்.
போனை நீட்டினார்.
தராசு முகம். தராசு முகம். தராசு முகம்.
கண்ணாடியில் மழைத்துளி, மூலையில் பெருவிரல்,
ஒன்றில் யாரோ ஒருவரின் முழங்கை, மறைக்கப் பார்த்தது.
இருபத்திரண்டு, பத்தொன்பது, இருபது.
ஒவ்வொன்றுக்கும் அடுத்த படம்
அன்றைய நிறுவைத் துண்டு.

படத்துக்கு மூன்று எம்பி,
நிறுவைக்கு இரண்டு படம், நாளுக்கு மூன்று நிறுவை,
வருஷத்துக்கு முந்நூறு நாள்.
கல்குலேட்டரில் தட்டினேன்.
பதினொரு வருஷம், தாராளமாக.

“எந்தக் கணக்குல?”

“எதிலும் அதுதான் அக்கா.
படத்தையும் கார்டையும் ஒரே தராசில் போட்டால்
வித்தியாசம் வராது.”

“ஓ” என்றார்.
அந்த ஓவை நீட்டி, மெதுவாக.

பிறகு பில் கேட்டார்.
காலையில் வேண்டாம் என்றவர்.
“என்னான்னு எழுதுவ?”

64 என்று எழுதினேன்.
அவர் போகவில்லை.
பக்கத்தில் 59.6 என்று எழுதினேன்.
இன்னும் போகவில்லை.
கீழே, இடம் காணாமல் சாய்த்து,
பதினொரு இலக்கங்களையும் எழுதிக் கையெழுத்திட்டேன்.

கார்டைப் போனுக்குள் தள்ளினார்.
பில்லைக் கண்ணாடிப் பெட்டிமேல் விரித்து
சுருக்கத்தை உள்ளங்கையால் நீவிவிட்டு
முதல் படம் எடுத்தார்.