ஏழாவது படி

சனிக்கிழமை. தாராவி. தோல் பட்டறை மாடி.
கீழே தையல் மிஷின் நின்றால்தான்
மேலே என் குரல் கேட்கும்.

"எங்கள் வீடு மிகவும் அழகான வீடு.
முன்னால் தோட்டம், தோட்டத்தில் ரோஜா."
ஒன்பது நோட்டிலும் அதே வீடு.
ஒருவரும் அதில் குடியிருக்கவில்லை.

சிவப்புப் பேனாவை மூடிவிட்டு
ஜெப்ரினிடம் கேட்டேன்:
ராத்திரி உன் வீட்டில்
கடைசியாய்க் கேட்கிற சத்தம் எது?

காதைச் சொறிந்தான்.
பென்சில் முனையைக் கடித்துத் துப்பினான்.
ரொம்ப நேரம் கழித்துக் குனிந்தான்.

"எங்க வீட்டுக்கு இரும்பு ஏணி.
அப்பா பேக்கரி முடிந்து வர மணி ஒன்று.
லைட் போட்டால் தங்கச்சி முழிச்சிடும்.
அதனால் இருட்டில் எண்ணிக்கொண்டே ஏறுவார்.
நாலு, அஞ்சு, ஆறு, எட்டு.
நடுவில் ஒரு படி உடைஞ்சு போச்சு.
ஏழை அப்பா சொல்வதே இல்லை."

கடைசி வரியில் என் விரல் நின்றது.
தெரிந்துதான் எழுதினாயா என்று
கேட்க வாயெடுத்தேன்.

நோட்டைப் பிடுங்கிக்கொண்டான்.
"இருங்க டீச்சர்,
எட்டுக்கு மேல இன்னும் நாலு படி இருக்கு."