நூற்றுப்பத்து, பூஜ்யம்

இருக்கைக்கு அடியில் ஒன்பது முள் சாக்கெட்.
மூடி எப்போதோ போய்விட்டது.
துளைகளில் கொடுங்கையூர்:
சாம்பல், முடி, ஷாம்பு பாக்கெட்டின் ஒரு முனை.
பழைய பல் பிரஷ்ஷால் தட்டி
கேபிளைச் செருகுகிறேன்.

சாவி ஆன். இன்ஜின் வேண்டாம்.
லேப்டாப் யோசிக்கிறது.
குப்பைமேட்டின் மேல் தூக்கியபடி நின்ற பக்கெட்
நேற்றைய உயரத்திலிருந்து
ஒரு முழம் தானாக இறங்கியிருக்கிறது.
அது வேறு வியாதி.
அதைப் பற்றி இன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

எண்கள் வருகின்றன.
110, 0. இருபத்துமூன்று தடவை.
பிறகு 100, 1. ஒரே தடவை.

"இன்னா மேடம் சொல்லுது?"
கேட்டுவிட்டு சகாயநாதன்
கழுத்துத் துண்டின் முனையைக் கடித்துக்கொள்கிறான்.

முதல் எண், எங்கே.
இரண்டாவது, எப்படி.
நூற்றுப்பத்து என்றால் கூலண்ட்டின் சூடு.
பூஜ்யம் என்றால் ஒன்றுமில்லை என்று அர்த்தமில்லை;
எல்லை தாண்டிவிட்டது, நிறுத்து என்று அர்த்தம்.
இந்தப் பூஜ்யத்தில் ஏமாந்தவர்கள் அதிகம்.
ஏன் என்பதற்கு
மூன்றாவது எண் ஒன்றை வைக்கவேயில்லை அவர்கள்.

ஆகவே செயின் மேல் கால் வைத்து ஏறி
பக்கவாட்டுக் கதவைத் திறக்கிறேன்.
ரேடியேட்டருக்கு இன்னொரு தோல் வளர்ந்திருக்கிறது:
பால் கவர், பிரியாணிக் கவர், பூ கட்டிக் கொடுத்த கவர்,
ஏதோ ஜவுளிக்கடையின் மஞ்சள் பை.
விசிறி இழுத்த இழுப்பில் ஒட்டி, உருகி,
உரித்தால் ஒரே துண்டாக வருகிறது.

ஜனார்தனம் நிழலை விட்டு வராமல் பேசுகிறார்.
"சென்சாரா? மாத்திடு.
இல்லியா, டிரைவர் கவனிக்கலன்னு எய்திக் குடு.
நாலு லட்சம்மா. யாராச்சும் குடுத்துத்தானே ஆகணும்."

நான் தடவைகளைத் திறக்கிறேன்.
ஒவ்வொன்றுக்கும் நேரம் இருக்கிறது.
இரவு பதினொன்று நாற்பது: சூடு. நிறுத்தம்.
ஒன்பது நிமிடம் கழித்து, ஸ்டார்ட்.
பன்னிரண்டு பத்து: சூடு. நிறுத்தம்.
ஆறு நிமிடம்.
ஸ்டார்ட்.
போகப் போக ஆறவிட்ட நேரம் குறைகிறது.

சகாயநாதன் தன் போனை நீட்டுகிறான்.
"ஒவ்வொரு தபா நின்னப்பவும் அவருக்கு அடிச்சேன்.
பாருங்க."
மிஷினின் கடிகாரம் நான்கு நிமிடம் பின்னால் ஓடுகிறது.
அதைக் கழித்துவிட்டால்
அவன் அழைப்புகளும் இதன் வரிகளும்
ஒன்றன்மேல் ஒன்று உட்காருகின்றன.
எல்லாம் முப்பது, நாற்பது நொடிப் பேச்சு.
அந்த நொடிகளில் அவர் என்ன சொன்னார்?
அதற்கும் எண் கிடையாது.

கடைசி வரி. ஆயில் பிரஷர்.
ஒன்று என்றால் கீழே, ரொம்பக் கீழே.
அதற்குப் பிறகும் பதினெட்டு நொடி ஓடியிருக்கிறது.
பேரிங் பிடித்துக்கொள்ள அது தாராளம்.

"சரி, அத்தெல்லாம் அழிச்சுடு.
நாளிக்கு கம்பெனி ஆளு வர்றான், வாரண்ட்டி பாக்க."

அழிப்பது ஒரு பட்டன்.
பழுது பார்த்த பிறகு நிறைய அழித்திருக்கிறேன்.
பார்க்காமலும் ஒருமுறை,
மணலியில், மழையில்,
இரண்டு மாத வாடகை பாக்கி நின்றபோது.
அந்த மிஷின் அப்புறம் என்ன ஆனதென்று
நான் விசாரிக்கவில்லை.

திரை கேட்கிறது: நிச்சயமாகவா?
ஆம். இல்லை.

காற்று திரும்பி
மேட்டின் புகை எங்கள் பக்கம் வருகிறது.
மூன்று பேரும் ஒரே நேரத்தில் இருமுகிறோம்.
அவர் கண்ணைத் துடைத்து முடிப்பதற்குள்
இருபத்துநான்கு வரியும் விழுகிற மாதிரி
என் போனில் மூன்று படம்.

"இன்னாம்மா பண்ற?"
"மணி பாத்தேன் சார்."

சகாயநாதன் உரித்த தோலைக் கீழே போடவில்லை.
மடிக்கிறான்,
ஜவுளிக்கடை மஞ்சள் வெளிப்பக்கம் வருமாறு,
இன்னும் ஒரு மடிப்பு.