வலித்தால் கையைத் தூக்கவும்

படிவத்தில் அந்தச் சொல் இல்லை.
'கட்டுப்படுத்தும் சாதனம்' என்றுதான் இருந்தது.
ஒன்றும் கூட்டாமல் ஒன்றும் குறைக்காமல்
சொல்வதற்குத்தான் எனக்கு மணிக்கணக்கில் கூலி.
சொன்னேன்.
குகதாசனுக்கு விளங்கவில்லை.
"என்ன சாதனம், அக்கா?"
டேரன் இடுப்பிலிருந்து எடுத்துக் காட்டினார்.
"ஓ," என்றான். "விலங்கு."

பிராட்மெடோஸ். ஜூலை. காலை எட்டேகால்.
பல் மருத்துவரிடம் போக
நான்கு மாதம் காத்திருந்தவன்,
இடக்கன்னம் இட்லி மாதிரி வீங்கியவன்,
ஊர் போய்ச் சேராதவன், இந்த ஊரிலும் விடப்படாதவன்.
மணிக்கட்டை நீட்டிக்கொண்டே கேட்டான்:
"விலங்கெண்டா மிருகமும்தானே.
இது என்ன மிருகம்?"

எதற்குச் சிரிக்கிறான் என்றார் டேரன்.
சிரிப்பை விளக்குவது என் வேலையில் சேருமா
என்று எந்தக் கையேட்டிலும் இல்லை.
எங்கள் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல் என்றேன்.
அவர் கொஞ்சம் யோசித்தார், பிறகு
உண்மையாகவே கேட்டார்: "என்ன மிருகம்?"
"கடியாது எண்டு சொல்லுங்கோ.
கடைவாய்ப்பல் பழுது."

வேனில் நான் பேசியிருக்கக் கூடாது.
எங்கள் மதுரைப் பக்கம் இதைக்
காப்பு மாட்டுவது என்பார்கள் என்றேன்.
அவன் முகம் சுளித்தான்,
பல்லாலா, சொல்லாலா, தெரியவில்லை.
"காப்பு பிள்ளைக்கெல்லோ போடுறது,
முப்பத்தொண்டுக்கு.
என்ர மகளுக்குப் போட்டதை
போனிலதான் பாத்தனான்."
அதற்குப் பிறகு சிக்னல்கள் மட்டும்.

(அன்றிரவு அகராதியைப் புரட்டினேன்.
விலங்கு என்றால் குறுக்கு.
நிமிராமல் குறுக்கே வளர்வதால் மிருகம் விலங்கு,
வழியில் குறுக்கே கிடப்பதால் மலை விலங்கல்.
கைது அரபியிலிருந்து வந்ததாம்.
அதில் இருக்கும் கை நம் கை இல்லை.)

காத்திருக்கும் அறையில் மீன்தொட்டி,
கால்பந்துக் கழுத்துத்துணியோடு ஒரு கிழவர்,
மூக்கு ஒழுகும் ஒரு குழந்தை.
ஜாக்கெட்டை மணிக்கட்டின் மேல் போர்த்தி
அவன் சுவரோரம் உட்கார்ந்தான்.
குழந்தை தத்தித் தத்தி வந்து
மஞ்சள் மரக்கட்டை ஒன்றை நீட்டியது.
இரண்டு கையாலும் வாங்கினான்.
நம்மில் மரியாதை அப்படித்தான்.
ஜாக்கெட் நழுவியது.
தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள்,
கட்டையைத் திருப்பிக் கேட்கவில்லை.

கை கட்டி, வாய் பொத்தி நிற்பது
பிறந்ததிலிருந்து கேட்ட சொல்.
கை கட்டி, வாய் திறந்து கிடப்பதை
அந்த நாற்காலியில்தான் பார்த்தேன்.
மேலே விளக்கு. வாய்க்குள் கண்ணாடி.
டேரன் வாசலில், கண்களைக்
கொடைக்கானல் மாதிரி ஏதோ ஒரு மலைப் படத்தின் மேல் வைத்தபடி.
கழற்றலாமே என்றார் டாக்டர் எலெனி.
எனக்கு அதிகாரமில்லை என்றார் அவர்.
இரண்டையும் தமிழில் சொன்னேன்.

பிறகு, எல்லோருக்கும் சொல்லிச் சொல்லி
வழவழப்பாகிப் போன அந்த வாக்கியம்
டாக்டரின் முகமூடிக்குள்ளிருந்து வந்தது.
அதையும் சொன்னேன்:
"வலித்தால் இடக்கையைத் தூக்குங்கள்."
வலி அவர்கள் சொல் இல்லையே என்று உறைத்து,
"நொந்தால்" என்று திருத்தினேன்.
திருத்தியதில் எனக்கொரு திருப்தி, வெட்கக்கேடு.
மற்ற சொல்லை நானும் கவனிக்கவில்லை,
டாக்டரும்.

துளைக்கும் சத்தம் தொடங்குமுன்பே
இடக்கை எழும்பியது.
கூடவே வலக்கையும்.
சங்கிலி ஒரு தரம் கிலுங்கியது.
டாக்டர் கையை எடுத்துவிட்டார்:
"அதற்குள்ளாகவா? எங்கே?"

அவன் துப்பினான், வாய் கொப்பளித்தான்,
விறைத்த உதட்டால் சொல்லைத் தேடினான்.
"நோகேல்ல, அக்கா.
எழும்புமோ எண்டு பாத்தனான்."

சொன்னேன்.
ஒன்றும் கூட்டவில்லை.