பதினாலும் நாற்பத்தொன்றும்

சனிக்கிழமை. பள்ளி இல்லை.
கோல கெட்டில் கடைவீதி தாண்டி,
அப்பாவின் மோட்டார் சைக்கிள் பின்னால்
செம்பனைக் காட்டுக்குள் நானும் போனேன்.

மேட்டில் குலைகள் குவிந்து கிடந்தன,
முள்ளும் சிவப்புமாய் முறைத்துக் கிடந்தன.
காம்பை வெட்டிய வெள்ளை முகத்தில்
எண் ஒன்று இருக்கும், பேனாவால்.
யார் வெட்டியது என்று அது சொல்லும்.
அப்பா 14.
லோம்போக்கில் இருந்து வந்த
சஹ்ருல் அண்ணன் 41.

கிராணி கதிரேசன் எண்ணி முடித்தார்.
"மாணிக்கவேலு, நூற்று எட்டு!
சஹ்ருல், இருபத்தொன்பது!"

அப்பா தலையைச் சொறிந்தார்.
"நூற்று எட்டா? இல்லைங்க ஐயா.
அத்தனை வெட்டியிருந்தால்
என் முதுகு சொல்லியிருக்குமே!"

சஹ்ருல் அண்ணன் சப்பாத்தைப் பார்த்தார்.
சின்ன வயதில் பள்ளிக்குப் போகாதவர்.
அவர் எழுதினால் ஒன்றும் நாலும்
இடம் மாறி இடம் மாறி உட்காரும்,
ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடும்
பள்ளி பஸ் பிள்ளைகள் மாதிரி.

நான் குனிந்து குனிந்து பார்த்தேன்.
அப்பாவின் நாலுக்கு ஒரு வால் உண்டு!
வால் இருந்தால் இந்தப் பக்கம்,
வால் இல்லாவிட்டால் அந்தப் பக்கம்.
உருட்டினோம், தூக்கினோம், முள் குத்தியது.
அப்பாவுக்கு எண்பத்தொன்று,
அண்ணனுக்கு ஐம்பத்தாறு.

"இனிமேல் என்ன செய்ய?" என்றார் கிராணி.
அண்ணன் பேனாவை வாங்கினார்.
ஒரு வளைவு, எதிரே ஒரு வளைவு,
கடைசியில் ஒரு வால்.
மீன்!
அவர் ஊர் கடலோரம்.
மீனை மட்டும் அவர் கை
மாற்றிப் போடவே போடாது.

கிராணியும் தன் புத்தகத்தில்
ஒரு மீன் வரைந்தார்.
அது தவளை மாதிரி இருந்தது.
யாரும் சிரிக்கவில்லை. நான் மட்டும் சிரித்தேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன்.
பல ஆயிரம் ஆண்டுக்கு முன்னால்
இரண்டு ஆற்றுக்கு நடுவே ஒரு நாட்டில்
யாரோ ஒருவர் கத்தியிருப்பார்:
"என் ஆடு பத்து!"
இன்னொருவர், "இல்லை, எட்டு!"
வாய் சொன்னது காற்றோடு போகும்.
அதனால் ஈரக் களிமண் எடுத்து
நாணல் குச்சியால் குத்தினார்கள்.
ஆட்டுக்கு ஓர் அடையாளம்,
எத்தனை என்பதற்குக் கோடுகள்.
கதை பிறகுதான் வந்தது, கடிதமும் பிறகுதான்.
முதலில் வந்தது கணக்கு!
களிமண் காய்ந்தது, சண்டை ஓய்ந்தது.
ஆடுகள் எல்லாம் என்றோ போயின,
அந்தக் கோடுகள் இன்னும் இருக்கின்றன.

சிந்து ஆற்றங்கரைக்காரர்களும்
சின்னச் சின்ன முத்திரை செய்தார்கள்.
என் புத்தகத்தில் படம் இருக்கிறது.
அதிலும் ஒரு மீன்!
அண்ணனின் மீன் போலவே மீன்.
என்ன சொல்கிறது அந்த மீன்?
ஒருவரின் பெயரா? விண்மீனா?
பெரியவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்,
சரி எது என்று யாருக்கும் தெரியாது.
கேட்கலாம் என்றால்
வரைந்தவர் இல்லை.

சஹ்ருல் அண்ணனின் மீன்கள்
லாரி ஏறி ஆலைக்குப் போய்விட்டன.
இந்நேரம் ஆவியில் வெந்திருக்கும்.
கிராணியின் தவளை மட்டும் இருக்கிறது.
ஆயிரம் ஆண்டு கழித்து ஒருவர்
அந்தப் புத்தகத்தைத் திறந்தால்
"இங்கே தவளைக்கு யார் சம்பளம் கொடுத்தார்?"
என்று குழம்பக் கூடாது அல்லவா?

அதனால்தான் இதை எழுதுகிறேன்:
அது தவளை இல்லை. மீன்.
மீன் என்றால் சஹ்ருல்.
ஐம்பத்தாறு குலை.