ஒன்பது

புந்தா அரேனாஸில் காற்றுக்கு விடுமுறை கிடையாது.
தெருமுனையில் கயிறு கட்டியிருக்கிறார்கள்,
நடக்கிறவர்கள் பிடித்துக்கொள்ள.
ஊர் முழுக்க வீசிக் கிடக்கிறது காற்று.
எனக்குச் சம்பளம்
ஒரே ஓர் ஆளின் மூச்சைப் பார்க்க.

திங்கள் காலை, மூன்றாவது ஆள்
எலெயுத்தேரியோ பர்ரியா.
ஐம்பத்தெட்டு வயது, நண்டுப் படகு.
கழுத்தளவு எடுக்க என் நாடா போதவில்லை.
படிவத்தில் எல்லாக் கட்டத்திலும் 'இல்லை'.
ஒவ்வாமை இல்லை. ஆடும் பல் இல்லை.
குறட்டை இல்லை.

கம்பளிக் குல்லாயைக் கையில் கசக்கியபடி
பின்னால் நின்றிருந்தாள் நோல்ஃபா.
"குறட்டையா? அது கேட்டால் நான் தூங்குவேன், யஸ்னா.
நின்றால்தான் விழிப்பேன்.
இருபத்தாறு வருஷமாய் இருட்டில் எண்ணுகிறேன்.
பதினைந்து, இருபது,
ஒரு குளிர்காலத்தில் முப்பத்தொன்று.
முழங்கையால் ஓர் இடி. திரும்ப எஞ்சின் பிடிக்கும்."

அவர் சுவரில் இருந்த நாட்காட்டியைப் படித்தார்.

"காலையில் ஏதாவது?"
"மாத்தே. கொஞ்சம்."
"எதோடு?"
"பொரித்த ரொட்டி. பாதி."
"மீதி?"
"அதுவும்."

வியாழனுக்குத் தள்ளினோம்.
டாக்டர் ஒயார்சூன் கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.
பர்ரியாவுக்குக் கோபம்:
ஒரு ரொட்டிக்காக மூன்று நாள் கடல் போச்சு,
தூங்கப்போகிறவனுக்கு வயிறு எப்படியிருந்தால் என்ன?

உங்கள் தொண்டையில் ஒரு கதவு, என்றேன்.
அதற்கு ஒரு காவல்காரன்.
நான் கொடுக்கும் மருந்தில் அவனும் தூங்கிவிடுவான்.
வயிற்றில் இருப்பது மேலே ஏறி
நுரையீரலுக்குள் நுழைந்தால்
யாரென்று கேட்க ஆளில்லை.

வேறோர் ஊரில், வேறொரு வருஷம்,
ஒரு பல் மருத்துவ அறை.
மருந்து ஏற்றியவரே பல்லையும் பிடுங்கினார்.
அவருக்கு இரண்டு கைகளும் வேலையாய் இருந்தன.
அதற்கு மேல் நான் சொல்வதில்லை.

வியாழன்.
ஊசிக்குழலில் பால்போல மருந்து.
"பசு கறந்ததா?" என்று கேட்டார்.
கொஞ்சம் எரியும், என்றேன்.
நண்டு கிலோ என்ன விலை போகிறதென்று
சொல்லத் தொடங்கினார்.
விலை வரவில்லை.

விளக்கை அணைத்தார்கள்.
டாக்டர் திரையில் குடலின் வளைவுகளைப் பார்த்தார்.
அழகாக இருந்திருக்கும், நான் பார்க்கவில்லை.
என் கண் நெஞ்சுக்கூட்டில்.
இன்னொரு கண், இருந்தால், அந்தக் கோட்டில்:
மூக்கிலிருந்து வெளிவரும் மூச்சை
குன்று குன்றாய் வரைந்துகொண்டு போகும் கோடு.

ஒரு குன்று. ஒரு குன்று.
பிறகு சமவெளி.

விரலில் மாட்டிய கருவி தொண்ணூற்றேழு என்றது.
தொண்ணூற்றேழு, நிம்மதியாக, பச்சை நிறத்தில்.
நம்பாதே.
துக்கச் செய்தி விரலுக்குத்
தாமதமாகத்தான் போய்ச் சேரும்.
மார்பு அசைகிறதே என்றால் அதையும் நம்பாதே,
அடைத்த தொண்டைக்குக் கீழே
வீணாய் இழுத்துக்கொண்டிருக்கும் மார்பு.

நான்கு. ஐந்து.
எந்த மணியும் அடிக்கவில்லை.
மருந்தை நிறுத்தினேன். "டாக்டர், அப்படியே இருங்கள்."
இரு காதுக்கும் கீழே, தாடையின் மூலையில்
விரல்களை மாட்டி முன்னால் தள்ளினேன்,
துருப்பிடித்த படகுக்கொக்கியைத் தூக்குவதுபோல.
ஏழு.
எட்டு.

குறட்டை!
மனுஷன் குரலிலேயே அழகான குரல் அது.
கோட்டில் கோணலாய் ஒரு குன்று எழுந்தது.

அப்புறம்தான் விரல் விழித்தது:
தொண்ணூற்று நான்கு, தொண்ணூற்றொன்று,
மணி அலறியது.
மூச்சு வந்து இரண்டு குன்று தாண்டியாயிற்று,
நல்ல செய்தியும் அதற்குத் தாமதம்தான்.

கண் திறந்தவர், "ஆரம்பிக்கலாமே" என்றார்.
முடிந்துவிட்டது.
"யார் என் தாடையில் குத்தினது?"
இன்றைக்குப் படகு ஓட்டக்கூடாது,
எதிலும் கையெழுத்துப் போடக்கூடாது,
தூக்கத்தைச் சோதிக்க இந்தச் சீட்டு
என்று சொல்லிக்கொண்டே போனேன்.
அவர் பசிக்கிறது என்றார்.

நோல்ஃபா அவரைக் கேட்கவில்லை,
என் கைகளைப் பார்த்தாள்.
"எத்தனை?"

ஒன்பது இருக்கும், என்றேன்.
தொண்டை எனக்கு வறண்டிருந்தது.

அவள் குல்லாயை அவர் தலையில் இழுத்து மாட்டினாள்.
"ஒன்பதா," என்றாள்,
"அது சின்னது."