இரண்டு உடை, தொண்ணூறு நிமிடம்

மகரேனா அனுப்பிய படிவத்தில்
பதினோரு கேள்விகள்.
எங்கே சந்தித்தீர்கள்?
இருபதாம் எண் பேருந்தில் என்று எழுதினேன்.
அவன் ஓட்டினான். என்னிடம் சில்லறை இல்லை.
இதில் எங்கே நிற்பது,
எதன்மேல் சாய்வது?

கோடுபோட்ட சட்டை ஆகாதாம்.
எழுத்துள்ள பனியன், பெரிய கைக்கடிகாரம்
ஆகவே ஆகாது.
சட்டைப்பை, கால்சட்டைப்பை
எல்லாவற்றையும் காலிசெய்துவிட்டு வரவும்.
புடைத்தால் படத்தில் தெரியும்.

மழை வந்தால் மாற்றுத் தேதி?
வால்டிவியாவில், ஜூலை மாதத்தில்,
இப்படியும் ஒரு கேள்வி.
எலிசேயோ பேனாவைப் பிடுங்கி
‘நனைவோம்’ என்று எழுதினான்.
நான் அதை அடித்தேன்.
ஈரம் பட்டால் என் முடி
சுருண்டு காதுக்கு மேலே ஏறிவிடும்.

கட்டணம்,
துணி துவைக்கும் இயந்திரத்தின் இரண்டு தவணை.
நான் அதைச் சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை.
இருட்டில் ஆளுக்கொரு பக்கம் படுத்துக்
கணக்குப் போட்டுக்கொண்டிருந்ததைக்
கட்டில்தான் கிறீச்சிட்டுச் சொன்னது.

ஞாயிறன்று இடம் பார்க்கப் போனோம்.
பாலத்தில் காற்று
என் பாவாடையைப் பாய்மரமாக்கியது.
நியேப்லா கோட்டையில்
எங்களுக்கு முன்பே மூன்று ஜோடிகள்,
முறை வைத்து முத்தமிட்டுக்கொண்டிருந்தார்கள்.
மீன் சந்தைக்குப் பின்னாலுள்ள படித்துறை
சரியாக இருந்தது. ஆறு, வெளிச்சம், ஒதுக்குப்புறம்.
நட்டநடுப் படியில் மட்டும் ஒரு கடற்சிங்கம்,
விருந்து முடிந்தும் எழாத மாமனைப்போல
வயிறு பரப்பி உட்கார்ந்திருந்தது.

கைபேசியை மீன்பெட்டிமேல் சாய்த்து
பத்து நொடி வைத்துவிட்டு
ஓடி வந்து நின்றேன்.
வெளிச்சம் என் நல்ல கன்னத்தில் விழ
அவனுக்கு இடப்பக்கமாக நின்றேன்.
முதல் படத்தில் எனக்குக் கண் மூடியிருந்தது.
இரண்டாவதில் கடற்சிங்கம் மட்டும் விழுந்திருந்தது.
அதன்பிறகு எத்தனை எடுத்தும்
அவன் கேமராவைப் பார்க்கவே இல்லை.
நேரே பார் என்றேன்.
திரும்பினான்.
நேரே பாரேன் என்று கத்தினேன்.
இன்னும் திரும்பினான்.
வீடு வரும்வரை நான் பேசவில்லை.
அவன் ஒன்றும் கேட்கவில்லை.

இரவு, பைகளைக் காலிசெய்யும் ஒத்திகை.
மேசைமேல் அவன் கொட்டியவை:
டிக்கெட் சுருளின் வால்,
ஒரு திருகாணி,
யாரோ குழந்தை பேருந்தில் விட்ட பிளாஸ்டிக் குதிரை,
காது இயந்திரத்துக்கான
பட்டாணி அளவு பேட்டரி இரண்டு.

எனக்குத் தெரியாததா?
இடக்காது அவனுக்குப் பாதிதான் கேட்கும்.
கடைவீதி, கல்யாண வீடு, ஆஸ்பத்திரி வராந்தா,
மூன்று வருடமாக யோசிக்காமலே
அவன் வலப்பக்கம் நடந்து வருகிறவள் நான்.
ஒரே ஒரு ஞாயிறு
கன்னத்துக்காகப் பக்கம் மாறினேன்.

படங்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன்.
கடற்காகங்களின் கூச்சல் படத்தில் இல்லை.
காற்றும் இல்லை.
என் உதட்டைப் பார்த்தபடி அவன்
கழுத்து நரம்பு புடைக்கத் திரும்பியிருக்கிறான்.
நேரே பார் என்று நான் சொல்வதைக் கேட்கவே
அவன் திரும்ப வேண்டியிருந்தது.

எட்டாம் கேள்வி: உங்கள் நல்ல பக்கம் எது?
அவனுக்கு வலது என்று எழுதினேன்.
எனக்கு என்று இருந்த கோட்டிலும்
அவனுக்கு வலது என்றே எழுதினேன்.
பதினோராம் கேள்வி: வேறு ஏதேனும்?
எதைச் சொன்னாலும் கிட்டே வந்து,
முகம் பார்த்துச் சொல்லவும்.
அடித்திருந்த ‘நனைவோ’மைத்
திரும்பவும் எழுதலாமா என்று யோசித்தேன்.
எழுதவில்லை. முடி முடிதான்.

சாம்பல் சட்டைக்கு இஸ்திரி வேண்டுமா
என்று அவன் உள்ளேயிருந்து கேட்கிறான்.
எங்கள் ஊரில் கல்யாணம்வரை
மோதிரம் வலக்கையில்.
அந்தப் பக்கம் நின்று நான் கை கோத்தால்
அவன் மோதிரம் என் விரல்களுக்குள் மறைந்துவிடும்.
நிச்சயதார்த்தப் படத்தில் மோதிரம் எங்கே என்று
மகரேனா திட்டுவாள்.
திட்டட்டும்.
கொஞ்சம் சத்தமாகத் திட்டட்டும்.